ஏலம் போன ஒரு கிலோ

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடக்கூட ரெனிஷாவுக்குப் பொறுமையில்லை. புதுக்கடை சந்தை முக்கில், செல்வதாஸின் ரப்பர் ஷீட் கடைச் சுவரில் அதை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

"அண்ணே! ஞாயிற்றுக்கிழமை ஏலத்துல ஒரு சின்ன சாக்குப் பொதி வித்தீங்களே... அதை யாரு எடுத்தா?"

தராசில் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்த செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தார். சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் இருபது வருடமாக அவர்தான் மைக் பிடிப்பவர். ஒரு முருங்கைக்காயை முந்நூறு ரூபாய்க்கு விற்ற தொண்டை அது.

"எந்தப் பொதி பிள்ளே? நாப்பத்திரெண்டு சேவல் வித்தேன், ஒரு வண்டி தேங்கா வித்தேன், ஒரு ஆட்டை மூணு தடவ வித்தேன். சவத்துக்கு இன்னும் தொண்டை சரியாகல்ல."

"அண்டி, அண்ணே. ஒரு கிலோ முந்திரி அண்டி. மேல நீல நூல்ல தச்ச பொதி."

"ஓ... உனக்க மாமி கொண்டு வச்ச முதற்பலன்!" அவர் முகம் மலர்ந்தது. "நல்ல விலைக்குப் போச்சே! ஆப்பிரிக்கா அண்டின்னு நான் பறஞ்சேன் பாரு, சனம் விழுந்தடிச்சு கேட்டுது. சும்மா ஒரு ரசத்துக்குத்தான் அப்படிப் பறஞ்சேன்."

"அது நெசமாவே ஆப்பிரிக்கா அண்டிதான்!"

செல்வதாஸ் கையிலிருந்த ஷீட் நழுவியது.

மணி பத்து நாற்பது. இரண்டு மணிக்குள் அந்தப் பொதி கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் ரெனிஷாவின் ஒன்றரை வருட முயற்சி அவ்வளவுதான்.

புதுக்கடைக்கு மேற்கே ரெனிஷா ஒரு அண்டி ஆபீஸ் வைத்திருக்கிறாள். மற்ற ஊர்க்காரர்கள் முந்திரித் தொழிற்சாலை என்பார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை பெரிய ஷெட் போட்டாலும் அது அண்டி ஆபீஸ்தான். நாற்பத்தாறு பெண்கள் அங்கே தோலுரித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் வருடத்தில் ஐந்து மாதம் கதவுக்குப் பூட்டு. கப்பலில் வர வேண்டிய கொட்டை வருவதில்லை. வந்தாலும் விலை கட்டுவதில்லை. நான்கு மூட்டையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தால் அதில் மூன்று மூட்டை வெறும் ஓடு. ஓட்டுக்கும் கப்பல் கூலி.

தான்சானியாவின் தெற்குக் கரையில் ஒரு கிராமத்து விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அவளுக்கு வேறு வழி காட்டியிருந்தது. நிலமும் கொட்டையும் அவர்களுடையது. இயந்திரமும் தொழிலும் அவள் கொண்டுபோக வேண்டும். உடைப்பது அங்கே, மரத்தடியிலேயே. பருப்பு மட்டும் கப்பலேறும். தோலுரிப்பதும் தரம் பிரிப்பதும் புதுக்கடையில், வருடம் பன்னிரண்டு மாதமும். அந்தக் கிராமத்திலோ படித்துவிட்டு வேலை தேடும் இளவட்டங்கள் ஏராளம், துறைமுகம் பக்கத்தில், வளர்கிற ஊர். முதலில் போய் உட்காருகிறவருக்கு நல்ல இடம்.

ரெனிஷாவின் கணவன் ரிஜோ பதினோரு வருடம் மஸ்கட்டில் வெயில் தின்று சேர்த்த பணம், அவர்களுடைய இரண்டு ஏக்கர் ரப்பர், எல்லாவற்றையும் அவள் அதில் போடப்போகிறாள். ஆனால் அதற்குமுன் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த ஊர்க் கொட்டைக்குள் பருப்பு எப்படி? ஒரு கிலோ சாம்பிளை ஒவ்வொன்றாக அறுத்து, நல்லதை எடைபோட்டு, எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் பருப்பு என்று கணக்கிடுவார்கள். நாற்பத்தெட்டு வந்தால் பிழைக்கலாம். நாற்பத்தைந்து வந்தால் ஒவ்வொரு மூட்டையும் நஷ்டம். சங்கம் இன்று இரண்டு மணிக்குப் பதில் கேட்டிருந்தது. பதில் வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

சாம்பிள் சனிக்கிழமையே கூரியரில் வந்துவிட்டது. ரெனிஷா தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்தாள். இன்று, செவ்வாய்க்கிழமை காலை, வீடு திரும்பி, அறுக்கும் கத்தரியும் கையுமாக அலமாரியைத் திறந்தால் வெறும் அட்டைப்பெட்டி.

"மாமி, இதுக்குள்ள இருந்த பொதி எங்க?"

மாமியார் ராஜபாய் பெருமையாகச் சொன்னாள். "கோயிலுக்குக் குடுத்தாச்சு மோளே. புதுத் தொழிலுக்கு வந்த முதல் அண்டியாக்கும். முதற்பலன் கர்த்தருக்குண்டானதுல்லா?"

ரெனிஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரைக் குற்றம் சொல்வது? அந்த வீட்டில் முதல் வாழைக்குலை, முதல் பலாக்காய், முதல் சம்பளம் எல்லாம் போகும் பாதை அதுதான். மறு சாம்பிள் வர எட்டு நாள். சங்கத்துக்காரர்கள் எட்டு நிமிடம்கூடத் தரமாட்டார்கள்.

"செல்வதாஸ் அண்ணே, ஆளைச் சொல்லுங்க!"

"இரு, இரு. முதல்ல நான் எடுத்தேன். திருப்பிச் சபைக்கே குடுத்தேன். மறு ஏலத்துல டீக்கனார் எடுத்தாரு, அவரும் திருப்பிக் குடுத்தாரு. மூணாவது தரம்... குளோரி டீச்சர்! ஆமா, டீச்சர் கையிலதான் கடைசியா பாத்தேன். ஓடு, ஓடு, வறுத்துரப் போறாவ!"

குளோரி டீச்சர் வீடு நான்காவது வளைவில். கதவு திறந்ததும் சமையலறையிலிருந்து ஏதோ வறுபடும் வாசனை.

"டீச்சர்! அடுப்பை அணையுங்க!"

"எதுக்கு? கடுகு தாளிக்கியேன்!"

"அண்டி எங்க டீச்சர்? ஏலத்துல எடுத்த அண்டி?"

"அதுவா? எனக்க கையில அஞ்சு நிமிசம்கூட நிக்கல்ல." டீச்சர் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "கேட்டைத் தாண்டல்ல, ஒரு ஆளு வந்து மறிச்சாரு. வெள்ளைச் சட்டை, நெத்தி நெறைய திருநீறு. 'டீச்சர், நீங்க குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு சபைக்குப் போடுதேன், இதை எனக்குத் தாங்கோ'ன்னு கெஞ்சினாரு. சபைக்கு லாபம்தானே, குடுத்துட்டேன். கார்டு தந்தாரு, இரு."

பைபிளுக்குள் அடையாளமாக வைத்திருந்த கார்டை உருவிக் கொடுத்தாள். ரெனிஷா வாங்கிப் படித்தாள்.

அனில்குமார். முந்திரி ஏற்றுமதி. திருவட்டாறு.

"நல்ல மனுசனாட்டம் தெரிஞ்சாரே. என்ன மக்களே, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"நல்ல மனுசன்தான் டீச்சர்," என்றாள் ரெனிஷா. "என்னைத் தவிர எல்லாருக்கும்."

ஏழு வருடம் அவள் அனில்குமாரின் ஆபீஸில் தரம் பிரிப்பு சூப்பர்வைசர். ஆறு வருடத்துக்கு முன் விலகி வந்து தனியாக ஷெட் போட்டபோது, பன்னிரண்டு பெண்கள் அவர் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தார்கள். மறுநாள் அவர் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. நம்பரையே அடைத்துப் போட்டாள். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். இந்த ஜில்லாவில் கொட்டையைக் கண்ணால் பார்த்தே எந்த நாட்டுக் கொட்டை என்று சொல்லக்கூடிய நாலைந்து பேரில் அவர் ஒருவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா, அது யாருடைய சாம்பிள், எதற்கான சாம்பிள் என்று?

வரிசையில் அடுத்து நிற்பது யார் என்பது இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ்களும் லாரிகளும் மூச்சு முட்ட நின்றன. ஸ்கூட்டரை இரண்டு பஸ்களுக்கு நடுவே நுழைத்தாள். ஒரு கண்டக்டர் தலையை நீட்டி, "ஏட்டி, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். பதில் சொல்ல நேரமில்லை. போன் அடித்தது. மாமி.

"கிட்டிச்சா மோளே? நான் முழங்கால்லதான் நிக்கியேன். கிட்டாம எழும்ப மாட்டேன்."

"எழும்புங்க மாமி, மூட்டு போயிரும். கிட்டிரும்."

கிட்டிரும் என்று சொல்லியாகிவிட்டது. இனி கிடைத்தே ஆக வேண்டும்.

திருவட்டாறில் அனில்குமார் ஆபீஸ் வாசலை அவள் தொட்டபோது மணி பதினொன்று ஐம்பது.

"வாங்க மேடம், வாங்க!" அனில்குமார் நாற்காலியிலிருந்து எழவில்லை. "ஆறு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? நாகர்கோவில் வழியா வந்தியளோ, இமயமலை வழியா வந்தியளோ?"

"மொதலாளி, என் சாம்பிளைத் தாங்க."

"உங்க சாம்பிளா? கர்த்தருக்குக் குடுத்ததுன்னுல்லா பறஞ்சாவ? ரோட்டுல போகும்போது மைக்குல ஆப்பிரிக்கா அண்டின்னு கேட்டுது, கர்த்தர்கிட்ட இருந்து நான் வெலைக்கு வாங்கினேன்."

"கிண்டல் பண்ண நேரமில்ல. ரெண்டு மணிக்கு நான் பதில் சொல்லணும்."

"தெரியும்." அவர் மேசைத் துணியை விலக்கினார்.

பொதி இல்லை. ஒரு நீளப் பலகை. அதன்மேல் வரிசை வரிசையாக, இரண்டாகப் பிளந்த ஓடுகள். பக்கத்துத் தட்டில் பருப்பு, நல்லது ஒரு குவியல், புள்ளி விழுந்தது ஒரு சின்னக் குவியல்.

"அறுத்துப் போட்டீங்களா? எனக்க அண்டியை நீங்க எப்படி அறுக்கலாம்?"

"பின்ன? பிளாஸ்டிக் போட்ட பொதிக்குள்ள கூரியர்ல ஏறுன நாள்முதல் வேர்த்துக் கிடந்துது. இன்னும் ரெண்டு நாள் போட்டா பூஞ்சை பிடிக்கும். நீ அறுத்துப் பாத்தா நல்ல அண்டி கெட்ட அண்டியாத் தெரியும். அதான் நேத்து காலையில நானே உக்காந்து அறுத்தேன்."

"ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணேன் தாயே. ஞாயிறு ராவு மூணு தடவ. உனக்க போன் என்னை உள்ளயே விடமாட்டேங்குது."

அது உண்மைதான்.

"ஐம்பத்திரெண்டு ராத்தல்," என்றார் அவர். "தங்கக் கட்டியாட்டம் அண்டி. போய்த் தைரியமாப் பணத்தைப் போடு."

அங்கேதான் இடித்தது. மோசம் என்று அவர் சொல்லியிருந்தால், அதை அவர் எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பாள். அருமை என்கிறார். அவளைக் கொண்டுபோய்க் கடலில் தள்ளப் பார்க்கிறாரா? தட்டில் இருப்பது அவருடைய குடோனில் பொறுக்கிய முதல்தரப் பருப்பாக இருந்தால்?

"நானே பாக்கணும்."

"பாரேன். தராசு அந்தால இருக்கு. நான் பேப்பர் படிக்கியேன்."

நீமா, அந்தச் சங்கத்தின் தலைவி, சாம்பிளைக் கட்டுமுன் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். பாயில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு கொட்டை. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ரெனிஷா போனைப் பலகைமேல் சாய்த்துவைத்தாள். படத்தில் கொட்டை முழுசு, பலகையில் பாதி பாதி. மூக்கு ஒருபக்கம் வளைந்த கொட்டை ஒன்று படத்தில் நாலாவது வரிசையில் இருந்தது. வயிற்றில் வெள்ளைத் தழும்புள்ள ஒன்று ஒன்பதாவதில். அந்த இரண்டும் பலகையில் கிடைக்க வேண்டும்.

தோலுரிக்கும் அறையிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ரீத்தா, அங்கே பழைய ஆள், ஒரு கிளாஸ் கட்டன் சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். "குடி பிள்ளே. எண்ணுயதுக்கும் தெம்பு வேணும்லா?"

பன்னிரண்டு இருபதுக்கு மூக்கு வளைந்தது கிடைத்தது. பன்னிரண்டு நாற்பதுக்குத் தழும்பு. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தாள். அதே தழும்பு. தட்டிலிருந்த பருப்பை எடுத்து ஓட்டின் பள்ளத்தில் வைத்தாலும் பொருந்தியது. அவளுடைய சாம்பிளேதான்.

எண்ணிக்கை மட்டும் உதைத்தது. முந்நூற்று எண்பத்திரண்டு பாதி. இரண்டு பாதி குறைகிறது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் குறைந்தது.

"ஒரு கொட்டை இல்ல."

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அதைச் சுட்டுத் தின்னுட்டேன்."

"என்னது?"

"ருசி பாக்காண்டாமா? முப்பது வருசமா தொழில் பண்ணுதேன், தின்னு பாக்காம ஒரு மூட்டை வாங்கினதில்ல. வேணும்னா வயித்தைக் கீறி எடு."

அறைவாசலில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரெனிஷாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பருப்பைத் தராசில் வைத்தாள். நல்லது இருநூற்று எண்பத்தொன்பது கிராம். புள்ளி விழுந்தது பன்னிரண்டு; அதில் பாதியைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். பேனாவை எடுத்துப் பெருக்கினாள். உள்ளங்கையில் எழுதிப் பார்த்தாள், பிறகு போனிலும் பார்த்தாள்.

ஐம்பத்திரண்டு. ஒரு நாள் முழுக்கக் காற்றில் காய்ந்தபிறகும், ஒன்று அவர் வயிற்றுக்குள் போனபிறகும் ஐம்பத்திரண்டு.

பேனாவை வைத்தாள். கண் கரித்தது. நாற்பத்தாறு பெண்களின் பூட்டு இல்லாத பன்னிரண்டு மாதம் அந்த அலுமினியத் தட்டில் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டா? இவ்வளவு நல்ல அண்டின்னா நீங்களே போய் எடுத்திருக்கலாமே. எனக்கு எதுக்குச் சொல்லணும்?"

அவர் பேப்பரை மடித்தார். "அந்த ஊரு இப்போ நம்ம மார்த்தாண்டம் நாப்பது வருசம் முன்ன இருந்த மாதிரியாக்கும். ரோடு பாதி, கரண்டு பாதி. ஆனா சனத்துக்குக் கை வேகம், படிக்க ஆசை. சின்னப் பிள்ளைய மாதிரி ஊரு. நாளைக்கு ஒரு வயசு கூடும். இப்போ கூடநின்னு வளத்தவனை அது மறக்காது. பத்து வருசம் கழிச்சுப் பெட்டி நெறைய பணத்தோட போறவன் வாசல்ல நிக்கணும். கேட்டியா?"

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லியே."

"ரெண்டு மணி ஆகப்போகுது. முதல்ல உனக்க பதிலைச் சொல்லு."

மணி ஒன்று ஐம்பத்தைந்து. புதுக்கடைக்குத் திரும்ப நேரமில்லை. அவருடைய மேசையிலேயே போனை நிமிர்த்திவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அனில்குமார் எழுந்து போய்விடவில்லை. ஜன்னலோரம், அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். போகச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

திரையில் நீமா வந்தாள். மஞ்சள் தலைத்துணி, பின்னால் தகரக் கூரை, பெஞ்சில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். அங்கே இன்னும் மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

"ரெனிஷா! எங்கள் கொட்டை என்ன சொல்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஐம்பத்திரண்டு சொல்கிறது," என்றாள் ரெனிஷா. "நான் வருகிறேன், நீமா. இயந்திரம் அடுத்த மாதம் கப்பலேறும். முதல் ஆறு மாதம் நானே அங்கே இருந்து உங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று ஏதோ பாடவே ஆரம்பித்துவிட்டார். நீமா அவரை உட்காரவைக்கப் பாடுபட்டாள்.

"அசாந்தே, ரெனிஷா. நன்றி. ஐந்து வருடமாக எங்கள் கொட்டை பெரும்பாலும் மூட்டையாகவே போய்க்கொண்டிருந்தது. இனி எங்கள் பிள்ளைகள் கை பட்டுப் போகும்."

"நன்றி நான்தான் சொல்ல வேண்டும்," என்றாள் ரெனிஷா. "என் ஷெட்டில் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எல்லாம் ஒருநாள் உங்களுக்குச் சொல்கிறேன். உலகத்தில் எத்தனையோ பெரிய கம்பெனிகள் இருக்க, ஒரு சின்ன ஷெட்காரியை நம்பினீர்களே."

நீமா சிரித்தாள். "நாங்களாக நம்பவில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. இங்கே ஏற்கெனவே மில் நடத்துகிற ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் புது ஆளை அழைப்போம். உங்களுக்காக ஒருவர் எழுதிக் கொடுத்தார். நீங்கள் சரி என்று சொல்லும்வரை சொல்லக்கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை."

"யார் அது?" ரெனிஷா திகைத்தாள். "அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாதே!"

"தெரியாதா? உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறாரே!"

ரெனிஷா திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். ஜன்னலோரம் ஒரு கனைப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நீமா ஒரு தாளை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தாள். ஆங்கிலத்தில் ஐந்தே வரி. கீழே அனில்குமாரின் கையெழுத்து.

'மூன்று வருடமாக இந்த ஊரில் தனி மில் ஓட்டுகிறேன். மின்கம்பி என் மதிலோடு நின்றுவிட்டது, ஊருக்குள் போகவில்லை. ஒரு மில்லுக்காக யாரும் மெக்கானிக் கடை போட வரமாட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இன்னொரு மில் வேண்டும், என்னோடு மல்லுக்கட்ட அஞ்சாத ஆள் வேண்டும். புதுக்கடையில் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கூப்பிடுங்கள்.'